டிஹுவானாவில் வீடு, சான் டியேகோவில் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது அமெரிக்க பாஸ்போர்ட். சம்பளம் வாங்குவது சான் டியேகோவில். தூங்குவது மட்டும் எல்லைக்குத் தெற்கே, மெக்சிகோவின் டிஹுவானா நகரில், பிளாயாஸ் என்ற கடலோரப் பகுதியில். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் ஒரு மாதிரி ஆகும். அப்புறம் கேள்விகள் வரும். சித்தப்பா மகன் கேட்டது, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் கேட்டது, "எனக்கும் வாடகை கட்டுப்படியாகவில்லை, நானும் வந்துவிடலாமா?" என்று எழுதுகிறவர்கள் கேட்டது எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒருமுறை எழுதிவைத்தால் தொண்டைத் தண்ணீர் மிச்சம்.

போயும் போயும் டிஹுவானாவா? ஏன்?

வாடகை. கடல், சாப்பாடு, மனைவியின் ஊர் என்று வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு. தோண்டிப் பார்த்தால் அடியில் வாடகைதான் இருக்கும். சான் டியேகோவில் ஒரு படுக்கையறை வீடு மாதம் 2,000 டாலருக்குக் கீழே கிடைப்பது அபூர்வம். நான் கடைசியாக இருந்த வீட்டில் வருடா வருடம் ஏற்றி 2,350ல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இப்போது இருக்கும் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 950 டாலர். மொட்டை மாடிக்குப் போனால் பசிபிக் பெருங்கடல். மாதம் 1,400 டாலர் மிச்சம். அதை நான் தூக்கத்தில் கட்டுகிறேன். அந்தக் கணக்கு கீழே வரும்.

ஏதோ எல்லையோரச் சிற்றூர் என்று நினைத்து வராதீர்கள். 2020 கணக்கெடுப்பில் டிஹுவானா மாநகராட்சிப் பகுதியின் மக்கள்தொகை 19 லட்சத்தைத் தாண்டிவிட்டது. டொயோட்டா பிக்கப் வண்டி முதல் மருத்துவக் கருவிகள் வரை இங்கே தயாராகின்றன. 1965ல் தொடங்கிய எல்லைத் தொழில் திட்டத்தின் வழியாக வந்த 'மக்கிலாதோரா' என்ற ஏற்றுமதித் தொழிற்சாலைகள்தான் ஊரின் அடுப்பு எரியக் காரணம். சுற்றுலாப் பயணி பார்க்கும் ரெவொலுசியோன் தெரு, வரிக்குதிரை மாதிரி கோடு போட்டு நிறுத்தியிருக்கும் கழுதை எல்லாம் நகரத்தின் ஒரு ஓரம் மட்டும்.

தினமும் எல்லையைக் கடப்பது எப்படி இருக்கும்?

இங்கே அதற்குப் பெயர் 'லா லீனேயா'. கோடு என்றும் பொருள், வரிசை என்றும் பொருள். நாட்டின் எல்லையையும் அதில் கால் கடுக்க நிற்பதையும் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். காலையில் யாரும் "நலமா?" என்று கேட்பதில்லை. "லீனேயா எப்படி இருக்கிறது?" என்றுதான் கேட்பார்கள். வடக்கே இருக்கும் அமெரிக்காவுக்கும் நாட்டுப் பெயர் கிடையாது. 'எல் ஓத்ரோ லாதோ', அந்தப் பக்கம். அவ்வளவுதான்.

கடக்கும் இடங்கள் இரண்டு. ஊரின் நடுவே சான் இசிட்ரோ. கிழக்கே ஓட்டாய் மேசா. சான் இசிட்ரோதான் மேற்கு அரைக்கோளத்திலேயே அதிகம் பேர் கடக்கும் தரைவழி எல்லை. வடக்கு நோக்கி 34 கார் பாதைகள் இருக்கின்றன. அப்படியும் போதவில்லை.

பாதைகளில் மூன்று சாதி. சென்ட்ரி என்பது முன்கூட்டியே பின்னணி விசாரித்து அட்டை கொடுத்தவர்களுக்கு. ரெடி என்பது ரேடியோ சில்லு வைத்த அட்டைக்காரர்களுக்கு. பாஸ்போர்ட் அட்டை, புதிய கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இதில் வரலாம். மூன்றாவது, மற்ற எல்லோருக்கும். மூன்றாவதில் மாட்டினால் அன்றைக்குக் காலைக் கூட்டத்தை மறந்துவிட வேண்டும்.

முதல் வருடம் கார் ஓட்டிக்கொண்டு போனேன். காலை நாலேகாலுக்கு எழுந்து, நாலரைக்கு வரிசையின் வாலில். இரண்டு பக்கமும் பிரேக் விளக்குகளின் சிவப்பு. இருட்டில் ஒரு பெரியவர் தள்ளுவண்டியோடு கார்களுக்கு நடுவே வருவார். வண்டியில் துணி சுற்றிய அலுமினியப் பானை; மூடியைத் திறந்தால் ஆவி என் கண்ணாடியில் படியும். இலையில் சுற்றி அவித்த சோளமாவுக் கொழுக்கட்டையான தமாலே, அப்புறம் ஒரு குவளை சம்புர்ராதோ. சம்புர்ராதோ என்றால் சோளமாவில் சாக்லேட் கரைத்துக் காய்ச்சியது. கஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், இனிப்புக் கஞ்சி. வலது கையில் ஸ்டீயரிங், இடது கையில் குவளை, முன்னால் உள்ள கார் அரையடி நகர்ந்தால் பின்னாலிருந்து ஹாரன். பெரியவருக்கு அடுத்தது சுர்ரோ என்ற பொரித்த இனிப்பு, போர்வை, பிளாஸ்டர் பொம்மை, கண்ணாடி துடைக்கும் பையன்கள். வரிசைக்குள் ஒரு சந்தையே நடக்கிறது.

இப்போது நடந்துதான் கடக்கிறேன். வீட்டிலிருந்து வாடகை வண்டியில் எல்லை வரை, கட்டடத்துக்குள் வரிசை, அதிகாரி முன் அரை நிமிடம், வெளியே வந்தால் எதிரிலேயே டிராம் நிலையம். நீலத் தடம் டவுன்டவுனைத் தாண்டி, 2021 நவம்பரிலிருந்து பல்கலைக்கழகப் பகுதி வரை போகிறது. டிராமில் பாதிப் பேர் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள். எந்த நிறுத்தத்தில் விழிப்பு வரும் என்று உடம்புக்கே தெரியும்.

சரி, எவ்வளவு நேரம் ஆகும்?

என் அனுபவத்தில் சென்ட்ரியில் கால் மணியிலிருந்து அரை மணி. ரெடியில் ஒன்று, ஒன்றரை மணி. பொதுப் பாதையில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். நடைபாதையில் இருபது நிமிடமும் ஆகியிருக்கிறது, இரண்டு மணி நேரமும் ஆகியிருக்கிறது. திங்கள் காலை மோசம். ஞாயிறு மாலை அதைவிட மோசம். நீண்ட விடுமுறை முடியும் நாளில் நான் வீட்டைவிட்டு நகர்வதே இல்லை.

சென்ட்ரி அட்டைக்கு எவ்வளவு? கட்டாயமா?

ஐந்து வருடத்துக்கு 120 டாலர். 2024 அக்டோபரிலிருந்து இந்தக் கட்டணம். கட்டாயமில்லை. ஆனால் குடிபோகும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்; நேர்காணல் தேதி கிடைக்க மாதக்கணக்கில் இழுக்கும். காரில் போவதென்றால் காரையும் பதிய வேண்டும். காரில் இருக்கும் ஒருவரிடம் அட்டை இல்லையென்றாலும் அந்தப் பாதைக்குள் நுழையக் கூடாது. நண்பர்தானே என்று ஏற்றிக்கொண்டு போய் அட்டையைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. அதுவரை 30 டாலர் பாஸ்போர்ட் அட்டை போதும். முதல் தடவை என்றால் மேலே கொஞ்சம் விண்ணப்பக் கட்டணமும் வரும்.

2008 ஜனவரி வரை இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, "அமெரிக்கக் குடிமகன்" என்று வாயால் சொன்னால் பல நேரம் விட்டுவிடுவார்கள். அந்தக் காலத்தில் மதியச் சாப்பாட்டுக்கு இந்தப் பக்கம் வந்துபோன கதையைப் பழைய ஆட்கள் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

தெற்கே திரும்பி வரும்போதும் இவ்வளவு வரிசையா?

மெக்சிகோவுக்குள் வருவது பெரும்பாலும் சுலபம். பச்சை விளக்கு எரிந்தால் போகலாம், சிவப்பு எரிந்தால் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். மாலை வேலை முடியும் நேரத்தில் கூட்டம் இருக்கும். ஒரு எச்சரிக்கை: காரில் துப்பாக்கியோ, மறந்துபோன ஒற்றைத் தோட்டாவோ இருக்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் அது சட்டப்படி உங்களுடையதாக இருக்கலாம். இங்கே கூட்டாட்சிக் குற்றம், சிறை. வாங்கிய பழைய காரின் இருக்கைக்கு அடியிலும் கையை விட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மெக்சிகோவில் வசிக்க விசா வேண்டாமா?

வேண்டும். அமெரிக்கர்கள் சுற்றுலா அனுமதியில் அதிகபட்சம் 180 நாள் தங்கலாம். எத்தனை நாள் என்பது அதிகாரி எழுதிக் கொடுப்பது. நிலையாக இருப்பதென்றால் தற்காலிக வசிப்புரிமை. இதைப் பொதுவாக மெக்சிகோவுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு தொடங்க முடியாது. வெளியே இருக்கும் மெக்சிகோ தூதரகத்தில் வருமானமோ சேமிப்போ காட்டி விசா வாங்கி, அதோடு உள்ளே நுழைந்து, 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் அட்டையாக மாற்ற வேண்டும். சான் டியேகோவிலேயே துணைத் தூதரகம் இருப்பதால் நமக்கு வசதி. முதலில் ஒரு வருடம், அப்புறம் நீட்டித்து மொத்தம் நான்கு வருடம், பிறகு நிரந்தரம். வருமான வரம்பு வருடா வருடம் மாறும், தூதரகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தத் தாளும் இல்லாமல் வருடக்கணக்காக இருக்கும் அமெரிக்கர்கள் இங்கே ஏராளம். யாரும் கேட்பதில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆவணமில்லாமல் குடியிருப்பவர்களைப் பற்றி அந்தப் பக்கம் எப்படிப் பேசுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருந்தது. அட்டை வாங்கிவிட்டேன்.

என்னிடம் இந்திய பாஸ்போர்ட், அமெரிக்காவில் எச்1பி வேலை விசா. நானும் இப்படி இருக்கலாமா?

சுற்றிப் பார்க்க வரலாம். செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால், இந்தியர்களுக்கு மெக்சிகோ சுற்றுலாவுக்குத் தனி விசா கேட்பதில்லை. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகி, வேலை அனுமதிக் கடிதம் மட்டும் கையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. இதைக் கவனிக்காமல் வந்து திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குடியேறுவது என்றால், வேண்டாம் என்பதுதான் என் பதில். குடிமகனைத் திரும்ப உள்ளே விடாமல் இருக்க முடியாது. அதிகபட்சம் ஓரமாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். விசாக்காரருக்கு ஒவ்வொரு காலையும் புதிதாக ஒரு நுழைவு. தினமும் பரீட்சை எழுதி வேலைக்குப் போவது மாதிரி. வாடகையில் மிச்சம் பிடித்தது மன உளைச்சலில் போய்விடும்.

வீடு பிடிப்பது எப்படி?

வாடகை வீட்டுக்கு 'ஃபியாதோர்' கேட்பார்கள். அதாவது ஜாமீன் நிற்கும் ஆள், இந்த ஊரில் சொந்தச் சொத்து உள்ளவர். வெளியூர்க்காரருக்கு அப்படி ஆள் எங்கே கிடைக்கும்? அதற்குப் பதிலாகக் காசு கட்டிச் சட்டப் பாதுகாப்புப் பத்திரம் வாங்கலாம், அல்லது முன்பணம் கூடுதலாகக் கொடுக்கலாம். என் வீட்டுக்காரம்மா மூன்று மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்தார், என்னை இரண்டு தடவை பார்த்தார், ஒப்புக்கொண்டார்.

வாங்குவதென்றால் கதை வேறு. மெக்சிகோ அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும், கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் வெளிநாட்டவர் நேரடியாக நிலம் வைத்துக்கொள்ள முடியாது. டிஹுவானா இரண்டு கணக்கிலும் மாட்டுகிறது. அதனால் வங்கியின் பெயரில் 50 வருட அறக்கட்டளை போட்டு, அதன் பயனாளியாக நீங்கள் இருப்பீர்கள், புதுப்பித்துக்கொள்ளலாம். ஒழுங்கான ஏற்பாடுதான். "நண்பர் பெயரில் வாங்கிப் போடு" என்று சொல்பவரிடமிருந்து மட்டும் ஓடிவிடுங்கள்.

தண்ணீர், கேஸ், கரண்ட்?

தண்ணீர்தான் இந்த ஊரின் உண்மையான தலைவலி. டிஹுவானா குடிக்கும் தண்ணீரின் பெரும்பகுதி கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. பாலைவனத்தைக் கடந்து, ருமோரோசா மலையைக் குழாயில் ஏறி, ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்த்தப்பட்டு வருகிறது. அந்த ஒற்றைக் குழாயில் எங்காவது கோளாறு என்றால் பாதி ஊர் வறண்டுவிடும். அதனால் ஒவ்வொரு கூரையிலும் 'தினாக்கோ', கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. சென்னையில் வளர்ந்தவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

எனக்கும் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். குடிவந்த மூன்றாவது வாரம், திங்கட்கிழமை விடியும் முன், தலையில் ஷாம்பு. குழாய் ஒருமுறை செருமிவிட்டு நின்றுவிட்டது. தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று மேலே ஏறிப் பார்க்கும் பழக்கம் அதுவரை இல்லை. குடிக்க வைத்திருந்த இருபது லிட்டர் கேனைச் சாய்த்துத் தலையைக் கழுவிக்கொண்டு எல்லைக்கு ஓடினேன். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் முதல் கேள்வி, "ஐ ஆகுவா?" தண்ணீர் இருக்கிறதா?

குழாய்த் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. கேனை மறுநிரப்பும் கடை தெருவுக்குத் தெரு உண்டு. கேஸ் வண்டி ஒலிபெருக்கியோடு வரும். பாட்டைக் கேட்டே எந்தக் கம்பெனி என்று குழந்தைகள் சொல்லிவிடும். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

ஜனவரியில் குளிரும். பனி கொட்டாது, ஆனால் பெரும்பாலான வீடுகளில் வெப்ப வசதி கிடையாது. கான்கிரீட் சுவர் ராத்திரி முழுக்கக் குளிரை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். சான் டியேகோ வானிலைதானே என்று நினைத்து ஒற்றைப் போர்வையோடு வந்தேன்.

செலவுக்கு டாலரா, பேசோவா?

இரண்டும். கடைக்காரர் டாலரை வாங்கிக்கொள்வார், ஆனால் அவர் சொல்லும் விலைக்கு. பேசோவில் கொடுப்பதுதான் லாபம். வாடகை மட்டும் பிளாயாஸ் பக்கம் பெரும்பாலும் டாலரில் பேசுகிறார்கள்.

நாணய மாற்று உங்கள் வாழ்க்கையை ஆட்டிவைக்கும். 2020 வசந்தத்தில் ஒரு டாலருக்கு 24 பேசோவுக்கு மேல் கிடைத்தது. 2024 ஏப்ரலில் 17க்கும் கீழே இறங்கியது. அதே வருடக் கடைசியில் திரும்பவும் 20. சம்பளம் ஒரு டாலர்கூட மாறவில்லை. காய்கறிக் கடையில் மட்டும் நான் ஏழையாகி, மறுபடி கொஞ்சம் தேறினேன். எல்லை மண்டலத்தில் 2019ல் மதிப்புக்கூட்டு வரியை 16லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது சின்ன ஆறுதல்.

வரி கட்டாமல் தப்பிக்கலாமா?

இல்லை. அமெரிக்கக் குடிமகன் எங்கே இருந்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு வருமான விலக்கு இருக்கிறதே என்பார்கள். அது வெளிநாட்டில் உட்கார்ந்து செய்த வேலைக்கு. என் மேசை சான் டியேகோவில் இருக்கிறது, ஆகவே விலக்கு இல்லை. கலிஃபோர்னியாவுக்கும், அங்கே வசிக்காதவர் என்ற படிவத்தில், வரி உண்டு. மெக்சிகோ வங்கிக் கணக்குகளில் மொத்தமாக 10,000 டாலரை ஒருநாள் தாண்டினாலும் அதைத் தனியாக அறிவிக்க வேண்டும். டிஹுவானாவில் இருந்தபடியே கணினியில் வேலை செய்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் முதலில் கம்பெனியிடம் அனுமதி வாங்கட்டும்.

உடம்புக்கு வந்தால்?

இதுதான் இங்கே வந்ததில் எனக்குக் கிடைத்த எதிர்பாராத நிம்மதி. சான் டியேகோ கம்பெனிகள் சிலவற்றில், டிஹுவானாவில் மருத்துவம் பார்த்துக்கொள்ளும் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கலாம். சிம்ன்சா என்ற மெக்சிகோ திட்டத்துக்கு 2000ஆம் ஆண்டிலேயே கலிஃபோர்னியா உரிமம் கொடுத்துவிட்டது. பல் மருத்துவத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துபோகிறவர்கள் கூட்டம் கூட்டமாக. என் வேர் சிகிச்சைக்கு அங்கே சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் ஆனது. சாதாரணக் காய்ச்சலுக்கு மருந்துக்கடையை ஒட்டி ஒரு சின்ன அறையில் டாக்டர் உட்கார்ந்திருப்பார். சில்லறைக் காசில் பார்த்துவிட்டு வரலாம்.

முதியவர்களுக்கு ஒன்று: அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இங்கே பொதுவாகச் செல்லாது. மருந்து வாங்குவதில் எச்சரிக்கை வேண்டும். 2010லிருந்து ஆன்டிபயாடிக்குக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம். சுற்றுலாத் தெருவில் சீட்டில்லாமல் வலி மாத்திரையை ஒற்றையாக விற்கும் கடைப்பக்கம் போகவே வேண்டாம். எல்லையோர மருந்துக்கடைகளில் விற்ற மாத்திரைகளில் ஃபென்டனில் என்ற கொடிய போதைமருந்து கலந்திருப்பதாக 2023ல் அமெரிக்க வெளியுறவுத் துறையே எச்சரித்தது.

பயமாக இல்லையா?

அம்மா வாரம் ஒருமுறை இதைக் கேட்கிறாள். பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னால் பொய். 2018ல் மட்டும் இந்த நகரத்தில் கொலைகள் 2,000ஐத் தாண்டின. பெரும்பாலானவை போதைப்பொருள் சில்லறை வியாபாரச் சண்டை என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் கிழக்கே, குன்றுகளில் தொற்றிக்கொண்டிருக்கும் ஏழைக் குடியிருப்புகளில். பிளாயாஸில் மாலை ஆறு மணிக்கு நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும் எனக்கு அது செய்தித்தாளில் வருவது. தொழிற்சாலை இரவு ஷிப்ட் முடிந்து அந்தக் குன்று ஏறுகிறவருக்கு அது தெருமுனை. "எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஊர் பாதுகாப்பானதுதான்" என்று சில அமெரிக்கர்கள் சொல்லும்போது இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

எனக்கு நேர்ந்தது, ஐந்து வருடத்தில் ஒரு கார் கண்ணாடி உடைந்தது, ஒரு பேட்டரி காணாமல் போனது. இரவில் தெரியாத பகுதிக்குப் போவதில்லை, போதை சமாச்சாரம் எதையும் தொடுவதில்லை, வண்டியைச் செயலி வழியாகவே அழைக்கிறேன். போக்குவரத்துக் காவலர் நிறுத்தினால் ரசீது கேளுங்கள். லஞ்சத்துக்கு இங்கே பெயர் 'மோர்திதா', கடி. நீங்கள் காசை நீட்டாவிட்டால் பல நேரம் கடி விழாது.

அமெரிக்க நம்பர் பிளேட் வண்டியை ஓட்டலாமா?

டிஹுவானா இருக்கும் பாஹா கலிஃபோர்னியா மாநிலத்துக்குள் தற்காலிக இறக்குமதி அனுமதி தேவையில்லை. மெக்சிகோ காப்பீடு கட்டாயம் தேவை. அமெரிக்கக் காப்பீடு இங்கே வெறும் காகிதம். விபத்தில் யார் பொறுப்பு, யார் பணம் கட்டுவது என்று தெளிவாகும் வரை ஓட்டுநரைப் பிடித்துவைக்கலாம்.

ஸ்பானிஷ் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

கடைத்தெருவில் முடியும். குழாய் ரிப்பேர்காரரிடம் முடியாது.

சாப்பாடு?

இதற்குத் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும், கொஞ்சம் அடக்கிக்கொள்கிறேன். டாக்கோ என்றால் மெல்லிய சோள ரொட்டியில் கரி அடுப்பில் சுட்ட மாட்டிறைச்சி, மேலே ஒரு கரண்டி வெண்ணெய்ப்பழ மசியல், காகிதத்தில் கூம்பாகச் சுற்றிக் கையில் தருவார்கள். "கோன் தோதோ?" என்று கேட்பார். எல்லாம் போட்டா? ஆமாம் என்று தலையாட்டுங்கள். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், அதை நெஞ்சுக்கு நேரே தூக்கி, உடம்பை முன்னால் வளைத்து. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

உலகமெங்கும் விற்கும் சீசர் சாலட்டுக்கும் ரோமாபுரிக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில், இந்த ஊரில் உணவகம் நடத்திய இத்தாலியரான சீசர் கார்தினி 1924ல் உண்டாக்கியது என்பார்கள். ரெவொலுசியோன் தெருவில் அந்தப் பெயரில் உள்ள உணவகத்தில் இன்றும் மேசைப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக் கலந்து தருகிறார்கள்.

நம் நாக்குக்கு இந்த ஊர் அந்நியமில்லை. மிளகாய் இங்கேயிருந்துதான் நம்மிடம் வந்தது. 'சீலே தே ஆர்போல்' என்ற நீள வற்றலைத் தாளித்தால் வீட்டு வாசனை வந்துவிடும். சப்போட்டாவுக்கு அந்தப் பெயர் பழைய மெக்சிகோ மொழியான நாவாட்டிலிருந்து வந்தது. புளியில் சர்பத் போடுகிறார்கள். கறிவேப்பிலைதான் இல்லை. பச்சை இலையை எல்லை தாண்டிக் கொண்டுவருவதே வம்பு, அதனால் அது இல்லாமலே ரசம்.

வம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு நாள் பையில் ஒரு கொய்யாப்பழம் இருந்ததை மறந்துவிட்டு வரிசையில் நின்றேன். "என்ன கொண்டுவருகிறீர்கள்?" "ஒன்றுமில்லை." கருவியில் உருண்டையாகத் தெரிந்திருக்கிறது. கொய்யா, மாம்பழம், உருளைக்கிழங்கு, பச்சை முட்டை எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம் 300 டாலரிலிருந்து ஆரம்பம், சென்ட்ரி அட்டையும் போகலாம். அன்று எச்சரித்து விட்டுவிட்டார்கள். பழம் குப்பைத் தொட்டியில் விழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும். பிளாயாஸ் சந்தையில் கிலோவாக வாங்கியதில் அதுதான் நன்றாகப் பழுத்திருந்தது.

கடலில் குளிக்கலாமா?

மழை பெய்தபின் கண்டிப்பாக வேண்டாம். கழிவுநீர்ப் பிரச்சினை பெரியது. அதன் காரணமாக வடக்கே அமெரிக்கப் பக்கம் இம்பீரியல் கடற்கரையை 2021 டிசம்பரிலிருந்து மிக நீண்ட காலம் மூடிவைத்திருந்தார்கள். நான் மணலில் நடப்பதோடு சரி.

மெக்சிகோவில் கோடைக்கால நேர மாற்றத்தை ஒழித்துவிட்டார்களே, கடிகாரம் குழம்பாதா?

2022ல் ஒழித்தார்கள், எல்லை நகரங்களுக்கு விலக்கு. டிஹுவானா சான் டியேகோவோடு சேர்ந்தே மாறும். மெக்சிகோ நகரத்துக்கு போன் போடும்போதுதான் விரல் மடக்க வேண்டும்.

உள்ளூர்க்காரர்கள் உங்களை எப்படிப் பார்க்கிறார்கள்?

என் நிறத்துக்கு என்னை முதலில் மெக்சிகோக்காரன் என்றே எடுத்துக்கொண்டு ஸ்பானிஷில் வெளுத்துக் கட்டுவார்கள். வாயைத் திறந்ததும் குட்டு உடைந்துவிடும். அப்புறமும் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் நம்மால் வாடகை ஏறுகிறது என்ற வருத்தம் அவர்களிடம் இருக்கிறது, அது நியாயம். 2025ல் எல்லை மண்டலத்தில் குறைந்தபட்ச ஊதியம் நாளுக்கு சுமார் 420 பேசோ. அதில் மாதம் முழுக்கச் சம்பாதித்தாலும் என் வீட்டு வாடகையை எட்டாது.

என் தெருமுனையிலிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் வேலி. கடலுக்குள் இறங்கி நிற்கிறது. இந்தப் பக்கம் அதில் ஓவியம் வரைந்து, அடியில் தேங்காய்த் தண்ணீர் விற்கிறார்கள். 1971ல் அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி பாட் நிக்சன் வந்து திறந்துவைத்த நட்புப் பூங்கா இங்கேதான் இருக்கிறது. அப்போது முள்கம்பி மட்டும். பிற்காலத்தில் இரண்டு பக்கத்துக் குடும்பங்கள் வலைக் கம்பியில் விரல் நுனியைத் தொட்டுக்கொள்ளும் இடமாக இருந்தது. 2023ல் அமெரிக்கப் பக்கம் 30 அடிச் சுவர் எழுப்பினார்கள்.

தபால் எப்படி வரும்?

இங்கே வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். சான் இசிட்ரோவில் எல்லையைத் தாண்டியதும் தபால் பெட்டி வாடகைக்கு விடும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வங்கி அட்டை, வரிக் கடிதம், ஆன்லைனில் வாங்கிய பொருள் எல்லாம் அங்கே வரும். வேலை முடிந்து திரும்பும் வழியில் எடுத்துக்கொள்கிறேன்.

போகும் தபாலும் அப்படித்தான். கீழ்வீட்டுக்காரர் லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்து, நாடு கடத்தப்பட்டு, இங்கே ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறார். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிடச் சுத்தம். மகள் அந்தப் பக்கம் பள்ளியில் படிக்கிறாள். மெக்சிகோ தபாலில் போட்டால் எப்போது சேருமோ என்று பிறந்தநாள் அட்டையை என்னிடம் கொடுத்துவிடுவார். நான் காலையில் எல்லை தாண்டியதும் அமெரிக்கத் தபால்தலை ஒட்டி, டிராம் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நீலப் பெட்டியில் போட்டுவிடுவேன். தபால்தலைக்குக் காசு வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். அன்றைய மாற்று விலையை போனில் பார்த்து, பேசோவில் எண்ணிக் கையில் வைத்துவிட்டுத்தான் போவார்.